ஒரு விரற்கடை

வரப்பில் நடக்கும்போதே சொல்லிவிட்டாள் டாயெங் ரன்னு:
"உள்ளே போனதும் பெருமூச்சு விடக்கூடாது.
ஈரம் சுவருக்கு ஆகாது."

சுலாவேசியில் இந்தப் பக்கம் இப்படித்தான்.
தட்டையான நெல்வயலில் திடுமென்று
ஒரு சுண்ணாம்புக் குன்று நிற்கிறது,
வழி கேட்க வந்தவர்
ஊர்ப்பெயரை மறந்துவிட்டதுபோல.

மூங்கில் ஏணி. பதினேழு படி.
நடுவில் ஒன்று இல்லை.
சொல்ல மறந்ததற்கு மேலே நின்று சிரித்தாள்.

முதலில் வௌவால் எச்ச வாடை,
முழங்காலில் ஈரம்.
கண் பழகப் பழகக்
கைகள் வந்தன.

கைகள் என்றால்,
கை இருந்த இடத்தில் வெறும் கல்.
சுற்றிலும்
வாயில் குதப்பி ஊதிய செங்காவி.
யாரோ பாறையில் கை வைத்து
எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.
அந்தப் பக்கம் ஒரு பன்றி.
வயிறும் வாலும் இருக்கின்றன,
முகம் போன மழைக்காலத்தில் உதிர்ந்தது.

எத்தனை ஆயிரம் ஆண்டு என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் அளவுகோலைப் பொருத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.
மாதம் ஒருமுறை, அதே இடம், அதே கோணம்.
நோட்டில் எழுதினாள்:
இடச்சுவர். இருபத்து நான்காம் கை. சுண்டுவிரல்.
நகக்கண் அளவு.

கீழே கிடந்த செதிலை
மாத்திரை உறையில் போட்டுத் தேதி எழுதினாள்.
"இதை வைத்து என்ன செய்வீர்கள்?"
"ஒட்டத் தெரிந்தவன் பிறக்காமலா போவான்?"

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.
கடிகாரத்தைப் பார்த்தவள் சட்டென எழுந்து
இருபத்து நான்காம் கைக்கு முன்னால்
தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள்.
தொடவில்லை.
ஒரு விரற்கடை தள்ளி,
தூக்கத்தில் புரளும் பிள்ளைக்கு
கட்டில் ஓரம் அணை கொடுப்பதுபோல.

சிமென்ட் ஆலைக் குவாரியில் வெடி.
என் பாட்டிலில் தண்ணீர் வட்டம் போட்டது.
கூரையிலிருந்து பொடிப்பொடியாக ஏதோ
அவள் முக்காட்டில் விழுந்தது.
இரண்டாவது வெடி.
மூன்றாவது வரவில்லை;
கையை இறக்கினாள்.

"இன்று என் வீட்டுக்காரர் ஷிஃப்ட்" என்றாள்,
"அவர் போட்டால் இரண்டோடு நிறுத்துவார்."
கொஞ்சம் கழித்து, நான் கேட்காமலே:
"எங்கள் வீட்டுச் சுவரும் அந்த சிமென்ட்தான்.
பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது.
ஒரு விரிசல் கிடையாது."

இறங்கும்போது
நினைவு வைத்துக் காலால் துழாவினேன்.
இல்லாத படி
அங்கேயே இருந்தது.