ஐந்தில் பாதி

"நாளைக்கு ஹால்ப் ஃபுன்ஃப்" என்றார் மார்லீஸ்,
சலாத் வெட்டும் கத்தியைக் காற்சட்டையில் துடைத்தபடி.
ஃபுன்ஃப் தெரியும். ஐந்து.
ஹால்ப் தெரியும், பாதிப் பாண் வாங்கிப் பழகிய சொல்.
ஐந்தும் அரையும் ஐந்தரை.
இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

ஐந்தரைக்கு இன்ஸ் வயல் விளிம்பில் சைக்கிளைச் சாய்த்தபோது
கறுப்பு மண்ணில் பாதிக்குமேல் வெட்டியாயிற்று.
போஷெனா நிமிரவில்லை.
அதெலினோ இரண்டு வரிசையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தான்.
ஒன்று என்னுடையது.

மார்லீஸ் கத்தவில்லை.
கத்தியிருந்தால் எனக்குத் தெரிந்த மொழியாய் இருந்திருக்கும்.
தன் ஊர்ப்பேச்சை ஒதுக்கிவைத்து
பள்ளிக்கூட ஜெர்மனுக்கு மாறினார், எனக்காக,
விருந்தாளிக்குக் கண்ணாடிக் கோப்பை இறக்குகிறவர் மாதிரி
ஒவ்வொரு சொல்லாய்.
அப்போதுதான் கவனித்தேன்,
அது அவருக்கும் சரியாக வராது.
வினைச்சொல்லைத் தேடி வாக்கியத்தின் கடைசிவரை நடந்து
வெறுங்கையோடு நின்றார்.
எங்கள் வினைச்சொல்லும் அங்கேதான் காத்திருக்கும்
என்று சொல்ல
என்னிடம் ஜெர்மன் போதவில்லை.
வகுப்பில் மணி பார்க்கும் பாடம் அடுத்த மாதம்தான்.
நாங்கள் தோள், முழங்கை வரை வந்திருந்தோம்.

லொறி ஆறு மணிக்குப் போனது,
நாற்பது பெட்டி குறைவாக.

ஒன்பது மணித் தேநீரில்
பெட்டி அட்டையைக் கிழித்து வட்டம் போட்டார்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு கோடு.
"ஐந்தில் பாதி."
இன்னும் வராத ஐந்தில்!
பேனையை வாங்கி நான் என் முள்ளை வரைந்தேன்:
ஐந்து முடியவேண்டும், பிறகுதான் அதன்மேல் அரை.
போலந்திலும் மார்லீஸின் கணக்குத்தானாம், போஷெனா சொன்னாள்.
போர்த்துக்கலில் என் கணக்கு.
முதல் கோடையில் அதெலினோவும்
மூன்று விடியல்களைத் தொலைத்திருக்கிறான்.
இரண்டுக்கு இரண்டு.
தேநீர் ஆறிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை எனக்குப் பல் டொக்டர்.
திரும்பி ரயிலடிக்கு எத்தனை மணிக்கு, கேட்டார்.
"ஹால்ப் ட்ரை" என்றேன்,
மூன்றில் பாதி,
அவர்கள் முறையில், துளிப் பிழையில்லாமல்.
இரண்டரைக்கு மழையில் இறங்கி நின்றேன்.

மூன்றரைக்கு வான் வந்தது.
கண்ணாடியை இறக்கி,
பரீட்சையில் தேறிய பிள்ளைபோலச் சொன்னார்:
"இன்றைக்கு உன் கணக்கில் வந்தேன்."

மரத்த கன்னம் இன்னும் விடவில்லை.
பாதி வாயால் சிரித்துக்கொண்டு
ஏறினேன்.