உள்ளே மூன்று

புயல் எச்சரிக்கை இரண்டு என்றது எங்கள் செயலி.
வானொலி மூன்று என்றது.
எபேனில் ஒன்பதாம் மாடி.
கண்ணாடிச் சுவர் லேசாக முனகிற்று.
கீழே கடைசிப் பேருந்துகள்
யாரையும் ஏற்றாமல் ஓடின.

தயாலன் கேபிளைச் செருகிப் பதிவுகளைப் பார்த்தான்.
பதினொன்று நாற்பதுக்கே வந்திருக்கிறது மூன்று.
வக்வாவில் கிளம்பி, சர்வர் தாண்டி,
நினைவகத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.
திரைக்குத்தான் தெரியாது.

நான் செய்த வேலைதான்.
பின்னணி இழையில் இருந்தபடியே
எழுத்துப் பெட்டியைத் தொட்டிருக்கிறேன்.
தொடக்கூடாது.
எத்தனை இழை ஓடினாலும்
திரையில் கை வைக்க ஒன்றுக்குத்தான் உரிமை.
மற்றவை, கொண்டுவந்ததை வரிசையில் வைத்துவிட்டு
விலகிக்கொள்ள வேண்டும்.

அங்கேயே விழுந்து செத்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.
சோதனையில் பத்துக்கு ஒன்பது தடவை
ஒழுங்காகக் காட்டிற்று பாவி.
பத்தாவதை ‘நெட்வொர்க் மந்தம்’ என்று எழுதி மூடியவள் நான்.

தயாலன் விரலால் திரையை
ஒரு தள்ளு தள்ளினான்.
அப்போதுதான் விழித்ததுபோல்
மூன்று.

திருத்தம் ஒரே வரி.
மெயின் த்ரெட்டிடம் கொடு, அவ்வளவுதான்.
பில்ட் ஆக நான்கு நிமிடம்.
பேச ஒன்றும் இல்லாததால்
கி மன்யேர் என்றேன், தினமும் கேட்பதுபோல்.
கோரெக் என்றான், தினமும் சொல்வதுபோல்.
சிரிப்புகூட இருந்தது.

காற்று ஒருமுறை கட்டடத்தையே உலுக்கிற்று.
லவீனா போய்விட்டாள், என்றான் திரையைப் பார்த்தபடி.
ரெயூனியனுக்கு. பிள்ளையோடு.
எப்போது?
ஜனவரியில்.

இது மார்ச்.
எதிர் மேசையில் ஐம்பது அறுபது நாள்
இந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யார் கை பட்டது இப்போது,
என்னுடையதா, காற்றினுடையதா?

பில்ட் முடிந்தது. ஏற்றினோம்.
ஸ்டோர் அனுமதிக்கு இரண்டு நாள் ஆகலாமாம்.
அதற்குள் புயல் மடகாஸ்கரில் இருக்கும்.
இருவரும் சிரித்தோம், இந்தமுறை கொஞ்சம் அசலாக.

லிஃப்டை நிறுத்திவிட்டார்கள்.
ஒன்பது மாடி இறங்கி, நனைந்து,
என் காரில் அவனை ஏற்றிக்கொண்டேன்.
எதுவும் கேட்கவில்லை.
வைப்பரின் சத்தம் மட்டும்.

ரோஸ்ஹில் தாண்டியதும்
அவனாகவே ஆரம்பித்தான்,
வாசலில் இன்னும் கிடக்கும்
ஒற்றைச் சின்னச் செருப்பிலிருந்து.