ஐந்நூறில் நூற்றுத் தொண்ணூறு

நாலு வருஷமாய் என் பர்ஸில்
ஒரு காகிதம் இருந்தது.
எண்ணிக்கை, ஓட்டம், வடிவம்,
மூன்றுக்கும் நேரே 'நார்மல்'.
மடிப்பு கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தேன்.
அம்மா போனில் உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம்
அது என் பின்பாக்கெட்டில் கதகதப்பாய் இருந்தது.
யாரிடம் குறை என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
சொல்லாமலேயே சொல்லியிருக்கிறேன்.

உன் தொப்புளுக்கு இருபுறமும்
ஊசி போட்ட இடங்கள்
ஊதாவாகி, பச்சையாகி, மஞ்சளாகி
மறைவதற்குள் அடுத்தது.
இரண்டு முறை கரு வைத்தார்கள்.
முதலாவது ஒட்டவில்லை.
இரண்டாவதின் துடிப்பை
ஒரு புதன்கிழமை திரையில் பார்த்தோம்.
அடுத்த புதன்கிழமை
திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை.

இந்த முறை ராஜாஜிநகர் டாக்டரம்மா
என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.
"ஓடுவதை எண்ணினோம்,
உள்ளே சுமப்பதைப் பார்க்கவில்லை."
சாயமிட்ட கண்ணாடித் துண்டின் படம்.
நூல் அறாத உயிரணுவைச் சுற்றி
பனியில் தெரியும் தெருவிளக்குக்குப் போல
ஒரு வட்டம்.
அறுந்ததற்கு வட்டமில்லை, வெறும் புள்ளி.
ஐந்நூறு எண்ணினார்களாம்.
நூற்றுத் தொண்ணூறு புள்ளி.

அத்தனையும் நன்றாகத்தான் நீந்தியிருக்கின்றன.
பீன்யாவில் தினமும் பார்க்கிறேனே,
எண்ணெயில் முக்கி எடுத்த ஷாஃப்ட்
மேலே மயிரிழைகூடத் தெரியாது,
லோடு ஏறும் நாளில் இரண்டாகும்.

"வேலை?"
"ஃபர்னஸ். பதிமூணு வருஷம்."
"சிகரெட்?"
நான் உன்னைப் பார்த்தேன்.
நீ காலண்டரைப் பார்த்தாய்.

இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன் என்றார்.
இதைவிட மோசமான எண்ணோடு
பிள்ளை பெற்றவர்கள் உண்டு,
நல்ல எண்ணோடு வெறுங்கையாய்ப் போனவர்களும்.
புதிதாய் உருவாக எழுபத்து நாலு நாள்.
சூட்டை விடுங்கள், புகையை விடுங்கள், பார்ப்போம்.

எழுந்திருக்கும்போது சொன்னார்:
முட்டைக்குக் கொஞ்சம் தைக்கத் தெரியும்,
அறுந்ததில் ஓரளவை அதுவே சரிசெய்துகொள்ளும்.
கார்மென்ட்ஸில் ஒன்பது வருஷம் காலர் தைக்கிறவள்,
நீ தலை நிமிர்ந்தாய்.
எனக்கு அங்கேதான் தொண்டை அடைத்தது.
அதையும் நீயேவா, தமயந்தி?

மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தோம்.
சாண்டல் சோப் ஃபேக்டரியில் கதவு திறந்து மூடியது.
"நெசமாவே ஒவ்வொண்ணா எண்ணுவாங்களா?"
"ஐந்நூறு வரைக்கும்."
"எங்க லைன்ல நூத்துக்கு மூணு டேமேஜ்னாலே
மொத்த லாட்டும் திரும்பி வந்துடும்."
சிரித்துவிட்டோம்,
எதிரே நின்ற பையன் இயர்போனைக் கழற்றும் அளவுக்கு.
யஷ்வந்த்பூர் வரை உனக்கு நிற்கவில்லை.
பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

அன்றிரவு அம்மாவுக்கு நானே போன் போட்டேன்.
"பிரச்சினை எனக்குத்தாம்மா."
டவர் இல்லை என்றாள்.
மறுபடி சொன்னேன்.

இப்போது டிஸ்பாட்சில் இருக்கிறேன்.
ஓவர்டைம் போயிற்று.
பெட்டிகளை எண்ணி லாரியில் ஏற்றுகிறேன்,
கை இன்னும் சூட்டுக்குப் பயந்து
ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு எடுக்கிறது.

இன்றோடு பதினோரு நாள்.
நேற்று, லாரிக்குப் பின்னால்,
பாதி சிகரெட்.
அதை உன்னிடம் சொல்லத்தான்
இதை எழுத ஆரம்பித்தேன்.