இரண்டரைக் குப்பி

பதினாறு வருஷம்
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
அடகுக்கு வந்த நகையை உரசிப் பார்த்தேன்.
எந்த வளையல் பிள்ளையின் ஃபீசுக்கு வருகிறது,
எந்தக் கம்மல் கணவனின் குடிக்கு வருகிறது
என்று எடை போடுமுன்னே தெரியும்.

பதினொரு மணிக்கு எல்லோருக்கும் டீ,
எனக்குச் சுக்குவெள்ளம்.
"ஜெஸ்லெட் மேடத்துக்கு வேதம் வேற" என்பான் சிஜு.
"பெந்தகோஸ்தா?" என்றார் மேனேஜர் ஒருநாள்.
"இல்லை சார்."
"சிஎஸ்ஐ?"
"முன்னே."
மிச்சத்தைச் சொல்லுமுன்
ஒருவர் காப்போடு வந்துவிட்டார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை
ஏலப் பட்டியல் தட்டிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்து மூன்றாவது வரி:
சங்கிலி ஒன்று, பன்னிரண்டு கிராம், கொக்கி பழுது,
சோபிதபாய், இரவிபுதூர்க்கடை.
எங்கள் ஒத்தாசைச் சங்கத்துச் சோபிதம்.
ரெஸ்வினுக்கு டெங்கு வந்தபோது
மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்தவள்.
நாற்பத்து நான்காவது வரிக்குப் போனேன்.

மறுநாள் நாகர்கோவில்,
பெயிண்ட் கடைக்கு மேலே சபையின் வாடகை மாடி.
திருவிருந்துத் தட்டு கைமாறிக் கைமாறி வர,
முன்வரிசையிலிருந்து திரும்பி
எனக்காகப் பிடித்தாள் சோபிதம்.
கழுத்தில் கிடந்தது கவரிங்.
இந்தக் கண்ணுக்கு அது தப்புமா?
ரொட்டித் துண்டு நாக்கில் கரையவில்லை.
பின்னால் தண்ணீர் வந்தது,
அதிலும் இறங்கவில்லை.

வேலையை விட ஒரு தாள் போதும்.
வீட்டில் சொல்ல எட்டு நாள் ஆயிற்று.
ராபின்சிங் மரக்கடையில் கணக்கர்.
கிளைச் சபைக்கும் எழுத்தர்.
அங்கே சம்பளம் கிடையாது, சாவி உண்டு.
"வீட்டு லோன்?" என்றார்.
"பெனிலாவின் நர்சிங்?" என்றார்.
திங்கள் இரவு குடும்ப மாலையில்
ஜெபம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்.
கோபத்திலா, பிரியத்திலா,
இன்றுவரை எனக்கு வெளங்கவில்லை.
நான் ஜெபித்து முடிக்கும்வரை
ரெஸ்வின் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.
பிறகு நேந்திரங்காய் வறுவலைக் கடிக்கும் சத்தம் மட்டும்.

பி.எஃப். பணத்தில் இருபது தேன்பெட்டி.
அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம்.
முதல் வாரமே இமையில் கொட்டு;
வீங்கிய கண்ணோடு பாடல் புத்தகத்தைப் பிடித்து நின்றேன்.
ஆனி மழையில் ஒரு பூ இல்லை.
அன்று உபவாச ஞாயிறு.
கூட்டம் முடிந்து பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய்
பெட்டிக்கு ஒரு சிரட்டை சீனிப்பாகு வைத்தேன்.
ஓய்வுநாளில் வேலையா என்று கேட்கத்தான் செய்தார்.
அதுகளுக்குக் காலண்டர் இல்லையே.
கையெல்லாம் பாகு, வயிறெல்லாம் பசி.
நக்கவில்லை.
ஒரு விரல் தவிர.

ஏழு கூட்டம் சொல்லாமல் பறந்துபோயிற்று.
மிஞ்சியதில், பங்குனியில் எடுத்தது
இருபத்தைந்து குப்பி.
பத்தில் ஒன்று இரண்டரை.
இரண்டு குப்பியும் ஒரு பாதியும்
துணிப்பையில் சுமந்து மாடி ஏறினேன்.
கிளைத் தலைவர் சத்தியநேசன்,
வார நாளில் மின்வாரிய லைன்மேன்,
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சகோதரி, தேனுக்கு இதில் கட்டமில்லை.
விற்றுவிட்டு வாருங்கள்."

அந்தப் பாதிக் குப்பியைச் சோபிதம் வாங்கினாள்.
சும்மா கொடுக்கப் போனேன்.
"போ பிள்ளே, உன் தசமபாகத்தைக் கெடுக்கவா?"
என்று எண்ணிக் கொடுத்தாள் இருநூற்றைம்பது.
சங்கிலி ஏலத்தில் போயிருந்தது.
நான் எழுந்துவந்த நாற்காலியில்
வேறொருத்தி உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.
பட்டியலைத் தட்டிய விரல் என்னுடையது என்று
அவளிடம் நான் சொல்லவில்லை.
இதை எழுதும்போதும் சொல்லவில்லை.

உறையை இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும்.
சத்தியநேசன் பிரிக்க, என் வீட்டுக்காரர் எழுத,
கதவு பாதி திறந்திருந்தது.
முன்பெல்லாம் மாதம் இரண்டாயிரத்து நானூறு;
இப்போது வருஷத்துக்கே ஆயிரத்து இருநூற்றைம்பது.
பேனா நின்றது.
பிறகு எண்ணால் எழுதி, எழுத்தாலும் எழுதினார்,
யாரோ ஒருத்தியின் பெயருக்கு எதிரே எழுதுவதுபோல.

திரும்பும் பஸ்ஸில் தக்கலைவரை பேச்சில்லை.
தக்கலை தாண்டியதும்
மடியில் சாவிக்கொத்தைப் புரட்டியபடி கேட்டார்:
"சீனி எங்கே வாங்குகிறாய்?
சாக்காய் எடுத்தால்
கிலோவுக்கு மூன்று ரூபாய் குறையும்."