மாற்றக் கோரிக்கை எண் 41

பதினோரு ஆண்டுகள்
தூர்க்குத் துறைமுகத்தில், மூன்றாம் மாடி அறையில்
ஒரு பழைய பம்பை மேசைமேல் வைத்து
வகுப்பெடுத்தேன்.
நாற்பது பாகங்கள். பாகத்துக்கு ஓர் எண்,
எண்ணுக்கு ஒரு பதிப்பு.
காலையில் எண்ணி எழுதிக் கையெழுத்திடுவார்கள்.
பத்தரைக்குக் காபி.

அந்தக் காபிதான் என் பாடத்திட்டம்.
கோப்பைகளோடு எல்லோரும் தாழ்வாரம் போனதும்
ஒரு திருகைக் கழற்றி
மயிரிழை குட்டையான இன்னொன்றை முடுக்குவேன்.
திரும்பியவர்களிடம் கேட்பேன்:
காலையில் கையெழுத்திட்ட பம்ப்தானா இது?
அதேதான் என்பார்கள், கப்பல் கட்டுகிறவர்கள்,
லிஃப்ட் செய்கிறவர்கள், ஒரு முறை ஒரு பல் மருத்துவர்.
ஓட்டுவேன்.
தண்ணீர் முதல் வரிசையை நனைக்கும்.
உள்ளமைவு மேலாண்மை என்றால் என்னவென்று
நனைந்தவர் மறந்ததில்லை.

அறை வாடகை கட்டுப்படியாகவில்லையாம்.
இனி வீட்டிலிருந்தே நடத்து, ஹில்க்கா, என்றார்கள்.
இருநூற்றுப் பதினான்கு ஸ்லைடுகள்.
பம்பை எல்லாக் கோணத்திலும் படம் பிடித்தேன்.
படத்துப் பம்ப் யாரையும் நனைக்கவில்லை.
காபி இடைவேளை என்றதும்
பன்னிரண்டு சதுரங்கள் கறுத்தன.
கையில் குட்டைத் திருகோடு
யாரை ஏமாற்றுவது என்று தெரியாமல்
உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் வாரம் என் அறையையே பம்பாக்கினேன்.
என் முதுகுக்குப் பின்னால் தெரிவதை எழுதுங்கள்,
அதுதான் நம் அடிப்படை, என்றேன்.
அலமாரி, ஒன்று. கடிகாரம், ஒன்று.
சன்னல், ஒன்று; மூன்று மணிக்கே இருட்டு.
கொக்கியில் கோட்டு, இரண்டு.
வாரம் ஒரு பொருளை ஓசையில்லாமல் மாற்றுவேன்,
கண்டுபிடிக்க வேண்டும், கோரிக்கை எண் கேட்க வேண்டும்.
பைவிக்கி ஔலுவிலிருந்து
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.
விளக்கின் உயரத்தைக் கண்டாள்.
கடிகாரம் நான்கு நிமிடம் பிந்துவதைக் கண்டாள்
(அது நான் செய்ததல்ல, பாட்டரி).

ஐந்தாம் வாரம்
புத்தகங்களை இடம் மாற்றிவைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
யாரும் பேசவில்லை.
பிறகு தௌனோ, ராவ்மாவில் கிரேன் வரைபவர்,
நான்கு வாரமாக மைக்கைத் திறக்காதவர்,
திறந்தார்.
"கொக்கி. கோட்டு இரண்டு இருந்தது.
நீலம் இல்லை.
பதிவில் கோரிக்கை காணோம்."

நான் இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.
என் அக்காவுக்குக்கூட.
எனஸியோ செவ்வாய்க்கிழமை போனான்,
கோட்டு, ரேடியோ, பனிச்சறுக்குக் கட்டைகளோடு.
சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை.
கொக்கி கேமராவுக்குள் வராது என்று நினைத்திருந்தேன்.

அனுமதியில்லாமல் நடந்த மாற்றத்தை
நடந்த பிறகாவது எழுதியாக வேண்டும்.
என் விதி. ஸ்லைடு எழுபத்தொன்று.
படிவத்தைத் திரையில் திறந்தேன்.
எண்: 41.
மாற்றம்: நீலக் கோட்டு, நீக்கம்.
கோரியவர்: எனஸியோ.
காரணம்,
அங்கே கர்சர் கொஞ்ச நேரம் கண்சிமிட்டியது.
விட்டுவிட்டு அடுத்த கட்டம் போனேன்.
பாதிக்கப்படும் பாகங்கள்:
காபித்தூளின் அளவு. மின் கட்டணம்.
படுக்கையின் சன்னல் பக்கம்.
போதும் என்று நிறுத்தினேன்.
அனுமதித்தவர்: நிலுவை.

காபி இடைவேளை, என்றேன்.
ஒரு சதுரமும் கறுக்கவில்லை.
யார் வீட்டிலோ கெட்டில் கொதித்து நின்றது.
"புத்தகமும் மாறியிருக்கிறது,"
என்றாள் பைவிக்கி, மெதுவாக,
"பார்த்தேன். அப்புறம் சொல்லலாம் என்று."

கருத்துப் படிவங்கள் வந்தன.
செய்முறைப் பயிற்சி நன்று, என்று ஒன்று.
பம்பைத் தொட்டுப் பார்த்திருக்கலாம், என்று இன்னொன்று.

பம்ப் இப்போது என் சமையலறையில் இருக்கிறது.
சனிக்கிழமை, வேறு வேலையில்லாமல்,
குழாயில் இணைத்து ஓட்டினேன்.
நெஞ்சுவரை நனைந்தேன்.
மூன்றாம் மாடியின் கடைசி வகுப்பில்
மாட்டிய குட்டைத் திருகு,
அதை நான் திரும்ப மாற்றவே இல்லை.
எங்கும் எழுதியும் வைக்கவில்லை.