ஒரு பக்கமா, இரு பக்கமா

நாந்த் நகரிலிருந்து பன்னிரண்டு மாணவர்கள்,
ஒரு பேராசிரியை.
பாடத்தின் பெயர் பின்காலனியம் என்று தொடங்கும்.
அது முடிவதற்குள் என் கடைப் பலகை தீர்ந்து
தையற்காரன் பாய்தியின் சுவர் வந்துவிடும்.

செனகல் ஆறு
கடலைத் தொடுமுன் கொஞ்சம் தயங்குகிற இடத்தில்
எங்கள் தீவு.
தீவில் என் கடை. கடையில்
இருமிக்கொண்டே நகலெடுக்கும் ஓர் இயந்திரம்.
மின்சாரம் வந்தால் எழுந்திருப்போம்,
நானும் அதுவும்.

அவர்கள் கையிலிருந்த நாவல் எங்கள் ஊரைப் பற்றியது.
எழுதியவரும் இந்த ஊர்தானாம்.
அச்சிட்டது பாரிஸில்.
ஒரு பிரதியின் விலைக்கு
இங்கே ஒரு மூட்டை அரிசி வாங்கலாம்,
மிச்சத்துக்கு வெங்காயம்.
ஆகவே இந்த ஊர் தன் கதையை
என்னிடம்தான் வாங்குகிறது,
பக்கம் இருபத்தைந்து பிராங்க்,
ஓரம் கறுத்து.
(அந்த பிராங்க் நோட்டும் அங்கேதான் அச்சாகிறது.
நான் அதை நகலெடுத்தால் மட்டும் சிறை.)

எர்வான் என்ற பையன்
ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தான்.
'காலனியம் உங்களுக்குள் எதை விட்டுச் சென்றது?'
அவன் கொடுத்த கட்டு என் கையிலேயே இருந்தது.
'ஒரு பக்கமா, இரு பக்கமா?' என்றேன்.
குறிப்பேட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டான்.
நான் கேட்டது தாளைப் பற்றி.

அவர்களில் ஒருத்தி சோக்னா.
அப்பா இங்கே மீனவர் குப்பத்தில் பிறந்தவர்,
நாந்த் சந்தையில் கைப்பை விற்றவர்.
தெருவில் எல்லாரும் அவளிடம்தான் வோலோஃபில் பேசுகிறார்கள்.
நண்பர்கள் அவளைத்தான் முன்னே தள்ளுகிறார்கள்.
அவளுக்கு இரு புறமும் கூச்சம்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வீடு வரும்.
நீலக் கதவு, மசூதிக்கு அடுத்து மூன்றாவது,
வாசலில் காயும் வலை.
அதைப் பார்க்க வேண்டும் என்று
வழிகாட்ட என்னையும் கூட்டிப்போனார்கள்.
பாலம் தாண்டி, படகுகள் தாண்டி, மசூதிவரை வந்து
பேராசிரியை புத்தகத்தை விரித்தாள்.
ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.
மூன்றாவது இடத்தில் கடல் இருந்தது.

அந்த வீட்டுக்காரர்கள் இப்போது
உள்நாட்டு மணலில், வரிசைக் கூடாரங்களில்.
அலை ஓசை எட்டாததால் தூக்கம் வராதவர்கள்.
பென்டா ஜேய் புத்தகத்தை வாங்கிப் புரட்டி
மோந்தும் பார்த்தாள்.
'என் வாசலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?'
எல்லாரும் சோக்னாவைப் பார்த்தார்கள்.
அவள் பிரெஞ்சு வரியை விரலால் தொட்டாள்.
வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.
'கதவு' என்ற சொல்லை என்னிடம் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை, ஏனென்று தெரியாது.

பென்டாதான் காப்பாற்றினாள்:
'ஞாட்டா லா?'
எவ்வளவு விலை.
சந்தைக்காரன் மகளுக்கு அது தெரியாதா?
துள்ளிக்கொண்டு விலை சொன்னாள்.
பென்டா சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கூடாரத்துக் குழந்தை விழித்துக்கொண்டது.

மறுநாள் கடை திறக்குமுன்பே
நின்றிருந்தாள் பென்டா, முழங்கைவரை மீன் செதில்.
நூற்றுப் பன்னிரண்டு மட்டும் போதும்.
'பின்னால் அடுத்த பக்கத்தையும் போடட்டுமா,
கதை தொடருமே?'
'வேண்டாம், அது எனக்கு வேண்டும்' என்றாள்.

சூடு ஆறாத தாளைத் திருப்பிப் போட்டு
என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு
மேசையிலேயே குனிந்து எழுதினாள்,
எங்கள் மொழியை அரபு எழுத்தில்,
வலமிருந்து இடமாக:
உப்பு அரை மூட்டை.
காய்ந்த மீன் இரண்டு கூடை, பணம் வரவில்லை.
பனிக்கட்டிக்காரனுக்குப் பாதி.
கடைசி வரியில் என் பெயர்,
இருபத்தைந்து பிராங்க்,
தர வேண்டியது.