இடம் பார்த்தல்

பொங்கலுக்கு மூன்று நாள் விடுப்பு.
மின்கணக்கு எடுக்கும் நோட்டின் பின்பக்கத்தில்
கட்டம் போட்டேன்:
தண்ணீர், நிழல், கழிப்பறை, நாய், காற்று.
ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை.

தனுஷ்கோடி முதலிலேயே அடிபட்டது.
பொழுது சாய்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்,
முதுகில் வீட்டோடு வந்தாலும்.
வாலிநோக்கத்தில் உப்பளம் கண்ணைக் குத்தும்,
நிழலுக்குப் பூஜ்யம்.
காரங்காட்டில் அலையாத்திக் காடு,
நண்டு வளை மேல்தான் பாய் விரிக்க வேண்டும்.

உச்சிப்புளி விலக்கில் ஒரு பூங்கா இருந்தது.
போனை எடுத்தவன் பெயர் நம்புசெல்வம்.
"குடில் ரெண்டாயிரத்து ஐநூறு சார்,
சொந்தக் கூடாரம்னா எண்ணூறு,
சுத்திலும் பிளாஸ்டிக் புல்லு,
நெருப்பு மூட்டினா தனி."
"கடல் தெரியுமா?"
"டேங்க் மேல ஏறினா தெரியும் சார்."

பூரணவல்லிக்கு ஒரே நிபந்தனை:
பெரியாஸ்பத்திரி போன் எட்டாத இடம்.
பதினோரு நாள் ராத்திரி டூட்டி முடித்து
தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி
ஆம்னியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.
நிறைமதிக்கு அலை வேண்டும்.
எனக்கு அலை வேண்டாம்.

அப்படியானால் வடக்கே.
வடக்கே இருப்பது பெண்கடல், குளம் போலக் கிடக்கும்.
தெற்கே ஆண்கடல், அடிக்கும்.
சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கேள்வி.
அரியமானுக்கு ஒன்பது மார்க் போட்டேன்.

"அமைதியா இருந்தா பொம்பளைன்னு
யாருப்பா பேரு வச்சது?"
"வீட்டுப் பக்கமே வராத ஆளா இருக்கும்"
என்றாள் பூரணவல்லி, கண்ணைத் திறக்காமல்.

சவுக்குத் தோப்பில்
கூடாரம் பதினேழு நிமிடம் நின்றது.
பிறகு வாடை வந்தது,
கோடியக்கரையில் கிளம்பி
வழியில் எங்கும் நிற்காமல்.
ஆறு வயதுக்காரிக்குப் பல் விழுவது போல
ஒவ்வொன்றாக ஆடிக் கழன்றன முளைகள்.
கல்லை வைத்தோம். பொங்கப்பானையை வைத்தோம்.
கடைசியில் கனத்துக்குப்
பூரணவல்லியையே உள்ளே படுக்கச் சொன்னோம்.
அவளோடு சேர்ந்தே நகர்ந்தது.
குளம் போலக் கிடக்க வேண்டிய கடல்
தோப்பின் வேர் வரைக்கும் ஏறி
என் செருப்பில் ஒன்றை வாங்கிக்கொண்டது.

பஜ்ஜி வண்டியைத் தார்ப்பாயால் கட்டிக்கொண்டிருந்த பெண்
எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.
"தை மாசத்துல இங்கயாண்ணே?
ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போங்க.
இப்ப அவருதான் தூங்குறாரு.
கச்சான் எடுத்தாத்தான் எந்திரிப்பாரு."

தண்டவாளத்தைத் தாண்டினோம்.
உடைமுள், பனை, மறுபடியும் உடைமுள்.
ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு
அரை மணி நேரம்கூட ஆகவில்லை.
என் நோட்டில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

புதுமடத்துக் கரை பட்டியலில் இல்லாத கரை.
நிழல் இல்லை, கழிப்பறை இல்லை,
கறுப்பு நாய் ஒன்று இருந்தது.
தண்ணீருக்கு, பள்ளிவாசல் குழாயில்
பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்,
குடம் இல்லையா என்று ஒரு குடமும் தந்தார்கள்.

அடிக்கும் என்று நான் பயந்த கடல்
மல்லாந்து கிடந்தது.
விளிம்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"நாடி சீராத்தான் இருக்கு"
என்றாள் பூரணவல்லி.
அலை எங்கே என்று மகள் கேட்பாள்,
என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன்.
அவள் நாய்க்குக் கரும்பு தின்னச்
சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போனில் நான்கு கோடு.
பூரணவல்லி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பானையிலிருந்த பச்சரிசிக்குள்
முழங்கை வரை விட்டுப் புதைத்தாள்.
கூடாரத்தை நிறுத்த யாருக்கும் தெம்பில்லை.
விரித்து, அதன் மேலேயே படுத்துவிட்டோம்.

இரண்டு மணிக்கு அரிசி அடித்தது.
நாய் பானையைப் பார்த்துக் குரைத்தது.
அவள் அசையவில்லை.
தூக்கமா, தூங்குவது போலவா, நான் கேட்கவில்லை.
கூடாரத்துணியின் ஒரு முனையை இழுத்து
பானைக்குப் போர்த்தினேன்.
எழுநூற்று ஐம்பது ரூபாய் வாடகைக்கு
அந்தக் கூடாரம் மூடியது
அது ஒன்றைத்தான்.